41.7 சதவீதமும் ‘சும்மா வீட்லதான் இருக்கேன்’ என்ற பதிலும்: சமூகத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

பொருநை எழுதியது:

இந்திய அரசின் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எஃப்.எஸ்.) முதல் ஆண்டான 2017-18-இல், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர்தான் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள், அதாவது வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 2023-24-இல் அது 41.7. ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றம். பெரும்பரப்பில் பார்க்கிறவர்கள் இதைப் பெரிய சமூக மாற்றம் என்கிறார்கள். ஊருக்குள் உட்கார்ந்து ஆய்வு செய்கிறவர்களோ, அந்தப் பெண்கள் எப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள், எண்ணியவர்களுக்குத்தான் இப்போது தெரிகிறது என்கிறார்கள்.

தென்காசி, திருநெல்வேலி பக்கத்துப் பீடித் தொழிலை வைத்து ஓர் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். எண்ணிலிருந்து ஊருக்கு வருவதா, ஊரிலிருந்து எண்ணுக்குப் போவதா? வாசற்படியில் உண்மையில் என்ன கேட்கிறார்கள்? ஒரே ஒரு ஊரைப் பார்த்துவிட்டு எவ்வளவு தூரம் பேசலாம்? தத்துவ விளக்கத்தைவிட, செய்முறை தெரிந்தவர்களின் பதில் வேண்டும்.

---

கூறெடுப்பு எழுதியது:

எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

‘வேலை செய்கிறீர்களா’ என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்து 41.7 வரவில்லை. கடந்த 365 நாளை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அதிக காலம் எதில் போனது என்பது முதன்மை நிலை. அது போக, 30 நாளோ அதற்கு மேலோ ஏதாவது பொருளாதாரச் செயலில் ஈடுபட்டிருந்தால் துணை நிலை. இரண்டையும் சேர்த்தால் வருவது ‘வழக்கமான நிலை’. இதற்குத் தனியாக வார நிலை என்று ஒன்று உண்டு: கடந்த 7 நாளில் ஒரு நாளாவது ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் போதும். செய்தித்தாளில் இரண்டையும் கலந்து ஒப்பிடுவதை அடிக்கடி பார்க்கலாம். அப்படி ஒப்பிடவே கூடாது.

முதன்மை நிலையில் பலரும் தவறுவது இங்கே: ஒரு பெண் 4 மாதம் வேலை செய்தார், 3 மாதம் வேலை தேடினார், 5 மாதம் வீட்டுப்பணி மட்டும் பார்த்தார் என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் வீட்டுப்பணிதான் அதிகம். ஆனால் விதி இரண்டு படி கொண்டது. முதலில் வேலையும் தேடலும் சேர்ந்து 7, வெளியே 5. ஆகவே அவர் உழைப்புச் சந்தைக்குள் வருகிறார். பிறகு 4-ம் 3-ம் ஒப்பிட்டு வேலையில் இருப்பவர் என்று பதிவாகிறார். படியை மாற்றிப்போட்டால் அதே பெண் குறியீடு 92-க்குப் போய்விடுவார்.

92 என்றால் வீட்டுப்பணி மட்டும். 93 என்றால் வீட்டுப்பணியோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் பொறுக்குவது, வீட்டுக்கே தைப்பது போன்றவையும். இரண்டுமே உழைப்புச் சந்தைக்கு வெளியே. 11 சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர், 21 குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியாளர், 31 மாதச் சம்பளம், 51 தினக்கூலி. உங்கள் ஆய்வின் உயிர் 92, 93 ஒரு பக்கமும் 11, 21 இன்னொரு பக்கமும் என்ற அந்த எல்லைக்கோட்டில் இருக்கிறது.

இன்னொன்று, ‘30 நாள்’ தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நடவுக்குப் பத்து, களைக்கு எட்டு, அறுப்புக்குப் பன்னிரண்டு என்று சிதறிக் கிடந்தாலும் கணக்கு. ஆனால் சிதறிக் கிடப்பதைக் கேட்டு வாங்கக் கணக்கெடுப்பாளருக்கு நேரம் வேண்டும்.

---

சொளவு எழுதியது:

கூறெடுப்பு சார் விதியைச் சொன்னார். அந்த விதி ஒரு வீட்டு வாசலில் எப்படி உடைகிறது என்று பார்ப்போம்.

“என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டால் நம் ஊரில் வருகிற பதில், “வேல ஒண்ணுமில்ல, சும்மா வீட்லதான் இருக்கேன்.” அதைச் சொல்லும்போதே மடியில் பீடி சுற்றும் சொளவு (முறம்) இருக்கும். இந்தச் ‘சும்மா’ பொய் இல்லை. ‘வேலை’ என்ற சொல் அவர் காதில் ‘வெளியே போய்ச் சம்பளம் வாங்குவது’ என்றுதான் விழுகிறது. கேள்வியில் இருக்கும் ‘வேலை’யும் பதிலில் இருக்கும் ‘வேல’யும் வெவ்வேறு. படிவத்தில் இந்த இடைவெளிக்கு ஒரு கட்டமும் கிடையாது.

பீடியில் இது இன்னும் சிக்கல். இலையை நனைத்து ஈரம் காத்து வைப்பது, தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டுவது, தூள் நிரப்பிச் சுற்றுவது, நூல் கட்டுவது, வாயை மடக்குவது, எண்ணிக் கட்டுப் போடுவது, இலையும் தூளும் கொடுத்த பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது. ஆயிரம் பீடிக்குப் பின்னால் பல கை இருக்கலாம். இலை வெட்டுவது மாமியார், சுற்றுவது மருமகள், பள்ளிவிட்டு வந்து வாய் மடக்குவது மகள். பீடித் தொழிலாளர் அட்டையோ ஒருத்தர் பெயரில். “பீடி சுத்துறது யாரு?” என்று கேட்டால் அட்டைக்காரர் பெயர்தான் வரும். மாமியார் 92, மகள் படிப்புக்கான 91.

அதனால் ஆளை வைத்துக் கேட்காமல் படியை வைத்துக் கேளுங்கள்: “நேத்து இலை வெட்டினது யாரு? எப்ப உக்காந்தாங்க, எப்ப எழுந்தாங்க? கடைக்குப் போனது யாரு?” ஒரு நாளைப் பிடித்தபிறகு வாரத்துக்கு, அங்கிருந்து மாதத்துக்கு. “365 நாளில்” என்று தொடங்கினால் யாருக்கும் நினைவு வராது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று பருவத்தைச் சொல்லிக் கேட்டால் வயல் நாள்கள் தானாக வரும். பங்குனித் திருவிழா, பள்ளி திறப்பு என்று முளையடித்துக்கொண்டால் நடுவில் உள்ள வாரங்களும் பிடிபடும்.

கடைசியாக, யாரிடம் கேட்கிறீர்கள்? வீட்டு ஆண் பதில் சொன்னால் “எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல” என்பது கௌரவம் குறித்த அறிக்கை. அதைத் தகவலாக எழுதிவிடக் கூடாது. அதே சமயம் தூக்கியும் எறியாதீர்கள். அந்த வாக்கியம் எந்தத் தெருவில் எந்த நிலைக் குடும்பத்தில் வருகிறது என்று குறித்து வைத்தால், அதுவே தனி ஆய்வுப் பொருள்.

---

கூறெடுப்பு எழுதியது:

சேர்க்க வேண்டியது ஒன்று. சொந்த உபயோகத்துக்கு விளைவிப்பது இந்தக் கணக்கெடுப்பில் பொருளாதாரச் செயல்தான். வீட்டுக்கு மட்டும் நெல் விளைவித்தாலும் கணக்கில் வரும். விளைந்த நெல்லைத் தன் வீட்டுக்குக் குற்றினால் வராது. மாட்டைப் பராமரிப்பது உள்ளே, பாலைத் தயிராக்கி வீட்டில் சாப்பிடுவது வெளியே. 2013-இல் சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு (19-ஆவது) வேறு கோடு போட்டது: கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டும் ‘வேலைவாய்ப்பு’, சொந்த உபயோக உற்பத்தி ‘உழைப்பு’தான், ஆனால் வேலைவாய்ப்பு ஆகாது. வேறு நாட்டு எண்ணோடு ஒப்பிடும் முன் எந்தக் கோட்டின்படி எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

---

பிரிவு இரண்டு எழுதியது:

பீடியை எடுத்திருப்பதால் ஒரு சட்டக் குறிப்பு. ஒப்பந்தக்காரர் இலையும் தூளும் கொடுத்து வீட்டில் சுற்றித் தரும் பெண், இந்தக் கணக்கெடுப்பில் ‘சுயதொழில்’ வகையில் வருகிறார். வேலை செய்யும் இடமும் நேரமும் அவர் கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், கச்சாப்பொருள் கொடுத்து வீட்டில் செய்யச் சொல்லப்பட்டவரையும் ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஒரே பெண், ஒரே சொளவு. புள்ளிவிவரத்தில் அவர் தனக்குத்தானே முதலாளி, அந்தச் சட்டத்தில் ஊழியர்.

இதை வெறும் பெயர்க் குழப்பமாக எடுத்துக்கொள்ள முடியாது. விலையை நிர்ணயிப்பது அவரில்லை. தேறாத பீடியைக் கழித்துக்கொள்வது கடைக்காரர். இலை வருவது மத்திய இந்தியக் காட்டிலிருந்து. தூள் குஜராத், கர்நாடகத்து நிப்பாணி போன்ற இடங்களிலிருந்து. 2017-இல் பீடிக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. “இந்த வாரம் நாலு நாளைக்குத்தான் இலை குடுத்தாங்க” என்பதை நீங்கள் தெருவில் கேட்கலாம், ஏன் நாலு நாள் என்பதற்கான காரணம் தெருவில் கிடைக்காது. அன்றாடத்தை மட்டும் பார்க்கிற ஆய்வு இங்கேதான் மூச்சுமுட்டி நிற்கும்.

---

இலக்கம் எழுதியது:

மேலே எழுதியவை எல்லாம் சரி, ஆனால் முக்கியமான ஓட்டை ஒன்று அப்படியே இருக்கிறது. 2017-18-க்கும் 2023-24-க்கும் இடையே வரையறை மாறவில்லை. ‘சும்மா’ என்ற பதில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எப்போதும் ஒரே அளவு விட்டுப்போனால் விட்டுப்போனதை வைத்து ஏற்றத்தை விளக்க முடியாது. ‘அவர்கள் எப்போதும் வேலை செய்தார்கள்’ என்பவர்கள், துருவிக் கேட்பது இடையில் கூடியது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது நம்பிக்கை மட்டுமே.

ஏற்றம் எங்கே விழுந்தது என்று பிரித்துப் பாருங்கள். வேலையில் இருக்கும் பெண்கள் (15+) 22.0 சதவீதத்திலிருந்து 40.3 ஆனார்கள். அவர்களுக்குள் சுயதொழில் 51.9-இலிருந்து 67.4, மாதச் சம்பளம் 21.0-இலிருந்து 15.9, தினக்கூலி 27.0-இலிருந்து 16.7. பங்கைப் பார்த்துவிட்டுச் ‘சம்பள வேலை குறைந்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள். 100 பெண்களுக்குச் சம்பள வேலையில் 4.6 பேர் இருந்தது 6.4 ஆனது. தினக்கூலி 5.9 இப்போது 6.7. சுயதொழில் 11.4-இலிருந்து 27.2. (பங்கு எல்லா வயதுக்குமானது, ஆனால் 15-க்குக் கீழ் மிகக் குறைவு என்பதால் இந்தத் தோராயம் நிற்கும்.) ஆகப் பதினெட்டே சொச்சப் புள்ளி ஏற்றத்தில் ஏறத்தாழ பதினாறு சுயதொழில் என்ற ஒரே பெட்டிக்குள் விழுந்திருக்கிறது. சம்பள வேலை எண்ணிக்கையில் கூடித்தான் இருக்கிறது, ஆனால் சொற்பம்.

இதை எந்த ஊராய்வும் காட்டியிருக்க முடியாது. அந்தப் பெட்டிக்குள் பீடி சுற்றுகிறவர், இரண்டு ஆடு வளர்க்கிறவர், கணவனின் பெட்டிக்கடையில் உட்கார்கிறவர், தையல்கடை நடத்துகிறவர் எல்லோரும் கலந்து கிடக்கிறார்கள். யார் எவ்வளவு என்பதற்குத்தான் ஊர் வேண்டும். பெரிய எண் உங்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்கிறது.

அப்புறம் பொருநை, ஒரு எச்சரிக்கை. மாவட்ட எண்ணை வைத்துக் குடும்பத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இதற்கு 1950-இல் சமூகவியலாளர் ராபின்சன் கொடுத்த உதாரணத்தைவிடத் தெளிவானது இல்லை. அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவராக இருப்பதற்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து வருகின்றன என்ற அளவை) தனிமனித அளவில் பார்த்தால் +0.118. வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம் என்று அர்த்தம். மாநிலம் மாநிலமாகக் கூட்டிப் பார்த்தால் -0.526. கூட்டல் கழித்தல் குறியே தலைகீழ். வந்தேறியவர்கள் ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறினார்கள், அவ்வளவுதான் காரணம். பெண் வேலை அதிகமுள்ள மாவட்டத்தில் குடும்ப வருமானம் குறைவு என்பதால், வேலைக்குப் போகும் பெண்ணின் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று முடிவு கட்டினால் அதே பள்ளம்.

---

சொளவு எழுதியது:

> துருவிக் கேட்பது இடையில் கூடியது என்று காட்ட வேண்டும்

ஒப்புக்கொள்கிறேன். ‘எப்போதும் வேலை செய்தார்கள்’ என்பதை மட்டும் வைத்து ஏற்றத்தை விளக்கிவிட முடியாது. ஆனால் விட்டுப்போவது எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்பதும் ஊகம்தான். சுய உதவிக் குழுக் கடன் வாங்க ‘என்ன தொழில்’ என்று படிவத்தில் எழுதிப் பழகிய பெண், அடுத்த முறை கணக்கெடுப்பாளர் கேட்கும்போது ‘சும்மா’ என்று சொல்லாமல் ‘ஆடு வளர்க்கேன்’ என்று சொல்லக்கூடும். வரையறை மாறாமலே பதில் மாறும். நடந்ததா இல்லையா என்பதைச் சோதிக்கலாம்: குழுவில் இருப்பவர், இல்லாதவர் இருவரையும் ஒரே தெருவில் முதலில் படிவக் கேள்வியாலும் பிறகு படி வாரியாகவும் கேளுங்கள். இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசம் குழுவில் இருப்பவரிடம் குறைவாக இருந்தால் என் ஊகத்துக்குக் கொஞ்சம் பலம் வரும், இல்லாவிட்டால் நான் விட்டுவிட வேண்டியதுதான்.

---

நாலுமணி எழுதியது:

இரண்டு பக்கமும் சந்திக்கிற கருவி ஒன்று கைவசம் இருக்கிறது: நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக எடுத்தார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. 2019-இல் நாடு முழுக்க. முதல் நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாக, ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும். ‘வேலையா’ என்று கேட்பதே இல்லை. ‘என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று மட்டும். ஆகவே ‘சும்மா’வுக்கு இடம் குறைவு.

அந்த அறிக்கையை வாசிக்கும்போது தவறாமல் விழுகிற குழி: கூலியில்லா வீட்டுப்பணிக்குப் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று போடுகிறார்கள். அது அன்றைக்கு அந்தப் பணியைச் செய்தவர்களின் சராசரி. செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1. எல்லோருக்கும் பரப்பினால் பெண்ணுக்குச் சுமார் 243 நிமிடம், ஆணுக்கு 25. மூன்று மடங்கு என்று எழுதியது பத்து மடங்காகிவிடுகிறது. எந்தச் சராசரி என்று சொல்லாமல் இந்த எண்ணை யாரும் மேற்கோள் காட்டவே கூடாது.

கருவியின் குறையும் தெரிய வேண்டும். அரைமணிக் கட்டம் ஒன்றில் மூன்று செயல் வரை எழுதலாம். ஆனால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பீடி சுற்றுகிறவர் ‘பீடி’ என்று மட்டும் சொல்வார். தொட்டில் சொல்லில் வராது. “கூட வேற என்ன?” என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்க வேண்டும். பத்து கட்டத்துக்குப் பிறகு கேட்கிறவருக்கே சலித்துவிடும், அதனால் காலைப் பதிவு தடிமனாகவும் மாலைப் பதிவு மெலிந்தும் இருக்கும். ஒரு நாள் பதிவு என்பதால் ஒரு வீட்டின் பருவம் பிடிபடாது. பெரிய மாதிரியில் பல வீடு பல மாதத்தில் சேர்ந்து சரியாகிவிடும். உங்கள் ஒற்றை ஊரில் சரியாகாது. அதே வீட்டுக்கு நான்கு தடவையாவது போக வேண்டும்.

---

இருவேல்பட்டு எழுதியது:

ஒரே ஊரை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்று கேட்டிருந்தீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்ய வைத்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, வடமலாபுரம் எல்லாம் அதில் வந்தவை. 1930-களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் திரும்பப் போனார்கள், அதன் பிறகும் பலர் போனார்கள். அவை தமிழ்நாடு முழுவதற்கும் பிரதிநிதியான ‘மாதிரி’ கிராமங்கள் என்று யாராவது சொன்னால் தவறு. அவற்றின் மதிப்பு வேறு இடத்தில்: அதே ஊர், அதே தெரு, நெடுங்கால இடைவெளி. ஒரு மாற்றம் எந்த வழியாக நடந்தது என்பதை அங்கே பின்தொடரலாம். எவ்வளவு பரவலாக நடந்தது என்பதற்குப் பெரிய கணக்கெடுப்புக்கே திரும்ப வேண்டும்.

திட்டத்துக்கு வருகிறேன். ஓர் ஊர் போதாது, பத்து வேண்டியதில்லை. இரண்டு எடுங்கள்: பீடிக்கடை உள்ள ஊர் ஒன்று, அதே பாசனம், அதே தூரம், ஆனால் பீடி இல்லாத ஊர் ஒன்று. வித்தியாசம் ஒன்றில் மட்டும் இருக்கும்படி. எல்லா வீட்டையும் பட்டியலிடுங்கள். பி.எல்.எஃப்.எஸ். தொடக்க வடிவத்தில் ஒரு கிராமத்தில் எட்டு வீடுதான், அதுவும் பத்தாம் வகுப்பு முடித்தவர் எத்தனை பேர் என்பதை வைத்து 2, 4, 2 என்று பிரித்து. நாட்டுக்கு அது போதும், ஒரு தெருவுக்குப் போதாது. வீடு என்றால் கூரை இல்லை, அடுப்பு. ஒரே கூரைக்குள் அண்ணனும் தம்பியும் தனி உலை வைத்தால் இரண்டு குடும்பம். இதில் தவறினால் பின்னால் தலைக்கணக்கு எதுவும் பொருந்தாது.

அரசுப் படிவத்தின் கேள்வியை முதலில், அப்படியே, துருவாமல் கேட்டுக் குறியீடு போடுங்கள். துருவுவது இரண்டாவது வருகையில், குறைந்தது ஒரு வாரம் தள்ளி. வரிசையை மாற்றினால் அந்த வீடு கெட்டது: ‘இதெல்லாம் வேலைதான் போல’ என்று ஒருமுறை புரிந்துகொண்ட பெண்ணிடம் பழைய பதிலைத் திரும்ப வாங்க முடியாது. ஊர்த்தலைவரோடு சேர்ந்து போகாதீர்கள், ரேஷன்கடைக் கணக்கெடுப்பு என்று நினைத்துத் தொழிலை மறைப்பார்கள். காலை பத்து மணிக்குப் போனால் கூலிக்குப் போனவர்கள் எல்லோரும் விடுபடுவார்கள், நூறுநாள் வேலை நடக்கும் நாளென்றால் இன்னும் மோசம். மாலை ஆறுக்கு மேல் இரண்டாம் சுற்று கட்டாயம்.

நேரக் குறிப்புக்கு ஊருக்கு 24 வீடு போதும். கார் நடவு, பிசான நடவு, பிசான அறுப்பு, வயல் வேலையில்லாத கோடை என்று நாலு தடவை. கிட்டத்தட்ட இருநூறு வீட்டு-நாள் வரும். இருவர் வேலை பார்த்தால் ஓர் ஆண்டில் முடியும்.

---

பொருநை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். முதல் வருகையில் 92 போட்டு, இரண்டாவதில் 11 வந்தால் எதைச் சரியென்று எடுப்பது?

---

கூறெடுப்பு எழுதியது:

எதையும் அழிக்காதீர்கள், அந்த மாற்றம்தான் உங்கள் தரவு. ஓர் அட்டவணை போடுங்கள், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி. முதல் பத்தியில் படிவக் குறியீடு, இரண்டாவதில் துருவிய பின் வந்த குறியீடு, மூன்றாவதில் நேரக் குறிப்புப்படி நாளைக்கு எத்தனை நிமிடம் (எடுத்த வீடுகளுக்கு மட்டும்), நான்காவதில் பதில் சொன்னது யார். பிறகு 92-இலிருந்து 11-க்கு, 92-இலிருந்து 21-க்கு, 93-இலிருந்து 11-க்கு என்று எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். பதில் சொன்னவர் ஆணா பெண்ணா, பீடி ஊரா இல்லையா, குழுவில் இருக்கிறாரா என்று பிரித்துப் பாருங்கள்.

11-இலிருந்து 92-க்குத் திரும்பியவர்களும் சிலர் இருப்பார்கள். அவர்களைத் தவறு என்று ஒதுக்காமல் மூன்றாம் முறை போய்ப் பாருங்கள். பல நேரம் இலை வரத்து நின்றிருக்கும், அல்லது அட்டை வேறொருவர் பெயருக்கு மாறியிருக்கும்.

---

பிரிவு இரண்டு எழுதியது:

ஐந்தாவதாக ஒரு பத்தி சேருங்கள்: கச்சாப்பொருள் யார் கொடுத்தது, விலை யார் சொன்னது. 11 என்று விழுந்தவர்களில் இரண்டுக்கும் பதில் ‘கடைக்காரர்’ என்று வருகிறவர்களைத் தனியாக எண்ணி வையுங்கள். இலக்கம் சொன்ன அந்தச் சுயதொழில் பெட்டியை உங்கள் இரண்டு ஊரிலாவது திறந்து காட்ட அது ஒன்று போதும்.